மிச்சமில்லாத பாட்டில்

என் பெரியப்பா மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். "கேக்குறப்ப மூஞ்சிய மட்டும்..." என்று ஏதோ சொல்வார். பின்பாதி மறந்துவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் "மாத்திரை போட்டீங்களா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் வேலை. பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்த்துவிட்டு, தாம்பரத்தில் இந்த ஆலோசகர் நாற்காலிக்கு வந்தபோது அந்தப் பின்பாதி தேவைப்பட்டது. மாத்திரை போடுகிறவர்களும் போடச்சொல்லி நச்சரிக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். இரண்டு கட்சியும் என்னை மன்னிக்க வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பஞ்சு

பொத்தேரி பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர், மருந்து வாங்கியதும் என் மேஜையிலேயே பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, பையிலிருந்து பஞ்சை எடுத்து உள்ளே திணிப்பார். முதல் மாதம் நான் தடுத்து, மருந்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மூடியைத் திருகி, பாட்டிலைக் காதருகே ஆட்டிப் பார்த்து, சத்தமில்லை என்று தெரிந்ததும் சொன்னார்: "பின்னாடி மூணு பேரு, பக்கத்துல ரெண்டு பேரு குந்திகினு வர்றாங்க சார். இது கிலுகிலுன்னு பேசிச்சுன்னா அப்பறம் நான் இன்னா பேசறது?"

சரியான எண்ணிக்கை

ஸ்டெல்லா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். வீடு படப்பையில். முதல் கணவர் இறந்து ஆறு வருஷம். டைல்ஸ் ஒட்டும் தேவா அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். விஷயம் தெரிந்துதான் கேட்டார். அவருக்குத் தொற்று இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் துணைக்குத் தொற்றாது. டாக்டர் இருவரையும் உட்காரவைத்து இதை விளக்கி, அதுவரை பொறுங்கள் என்றிருந்தார். ஆக, ஸ்டெல்லாவின் ரிசல்ட் வந்தால்தான் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள்.

ரிசல்ட் வந்தது. கிருமி ஏறியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. மாதாமாதம் மிச்ச மாத்திரையை எண்ணுவேன். ஸ்டெல்லாவின் பாட்டிலில் எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனைதான் இருக்கும், ஒன்று கூடாது, குறையாது. மற்றவர்களிடம் அவளை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். மருந்து கொடுக்கும் பாத்திமாவிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அவள் மாத்திரை அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "என் வூட்டு சுகர் மாத்திரையே எனக்குச் சரியா இருக்காது. ஒரு வருஷமா ஒண்ணுகூட மிச்சமில்லன்னா உங்களுக்குச் சந்தேகமே வரலியா அண்ணா?"

ஒன்பது மணி

மூன்று மாதம் மறுபடி ஆலோசனை, அதன்பின் மறுபரிசோதனை என்பது முறை. அதிலும் இறங்காவிட்டால் மருந்தை மாற்ற வேண்டிவரலாம். தேவா வீட்டில் அவ்வளவு நாள் காத்திருப்பார்களா என்பது ஸ்டெல்லாவின் கவலை. அன்று நான் பாட்டிலைக் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டம்ளர் காலியான பிறகு பேச ஆரம்பித்தாள்.

ராத்திரி ஒன்பது என்றால் ஒன்பது, தள்ளக்கூடாது என்று நான்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். மஸ்கட்டில் பழகிய கறார். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் கம்பெனி பஸ் அவளைப் படப்பையில் இறக்கிவிடவே பத்தரை ஆகும். கேட்டில் பையைச் சோதிப்பார்கள் என்பதால் மாத்திரையைக் கொண்டுபோவதில்லை. ஒன்பது தாண்டிய மாத்திரை கெடுதல் செய்யும் என்று நினைத்து, அன்றையதைப் போடாமல் விட்டு, என்னிடம் வருவதற்கு முன் அவற்றைத் தூக்கி எறிந்திருக்கிறாள். ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை.

"சரிம்மா. போடாததை ஏன் தூக்கிப் போட்ட? கொண்டுவந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே."

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒருவாட்டி எனக்கு முன்னாடி உங்ககிட்ட வந்த அக்காவுக்கு ரெண்டு மாத்திர மிச்சம் இருந்திச்சு. உங்க மூஞ்சியே செத்துப்போச்சு சார். நல்ல மனுஷன், எதுக்கு நோவடிக்கணும்னுதான்."

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் பல் தேய்த்ததும் என்று நேரத்தை மாற்றினோம். எந்த ஷிப்டானாலும் பல் தேய்த்துத்தானே ஆகவேண்டும்! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாத்திமா என் பக்கம் திரும்பினாள்: "வாட்ச்ச மஸ்கட்லயே வுட்டுட்டு வந்திருக்கலாம் நீங்க."

ஒன்றுமில்லாத பேப்பர்

அடுத்த மூன்று மாதத்தில் ஒருமுறை ஒரு மாத்திரையை மிச்சம் கொண்டுவந்து, என் முகத்தை உற்றுப் பார்த்தாள் ஸ்டெல்லா. நான் சிரித்தேன். சம்பளத்துக்குச் செய்த வேலைகளில் அதுதான் கடினம். மறுபரிசோதனை ரிசல்ட் வந்த அன்று தேவாவும் வந்திருந்தார். கிருமி தென்படவில்லை என்று டாக்டர் வாசித்தார். இதையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த ரிசல்ட்டும் இப்படியே வரட்டும் என்றார். சில மாதம் கழித்து அதுவும் அப்படியே வந்த அன்று ஸ்டெல்லா அழுதாள், பாத்திமா மூக்கைச் சிந்தினாள். தேவா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணியும் இல்லன்னு ஒரு பேப்பரு. இத்தப் போய் பிரேம் போட்டு மாட்டலாம்னு தோணுது சார்."

பத்திரிகை

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிந்ததும், மஞ்சள் கவரில் பத்திரிகையோடு வந்தாள். என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்களிடம் வருகிறவர்களை வெளியே பார்த்தால், அவர்களாகச் சிரித்தாலொழிய நாங்கள் யாரோ, அவர்கள் யாரோ. விசேஷங்களுக்குப் போவதே இல்லை. என் முகமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடலாம், இத்தனை பாடுபட்டுக் கிடைத்த கல்யாணம் என்று சொன்னேன்.

"தேவா டைல்ஸ் ஒட்டுன வூட்டுக்காரர்னு சொல்லிக்கோங்க."

"என்னைத் தெரிஞ்சவங்க யாராவது பந்தியில இருந்தா?"

ஸ்டெல்லா கவரை என் பக்கம் தள்ளினாள். "உங்களத் தெரிஞ்சவங்க அங்க கீறாங்கன்னா, அவங்களும் இந்த நாற்காலில குந்துனவங்கதான் சார். வாயத் தொறப்பாங்கன்றீங்களா?"

கல்யாணம் புதன்கிழமை. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.