மூன்று தரம் கழற்றிப் பூட்டிய ஏசி

சித்திரை மாதம் எங்கள் தொழிலில் இருக்க விடாத மாதம். வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகம் தொடங்கியிராது. முல்லைத்தீவுக் கரையோரம் முழுக்கக் காற்றில்லாமல் புழுங்கும்போது, மாரி முழுக்கச் சும்மா கிடந்த ஏசிகளை எல்லோரும் ஒரே கிழமையில் போடுவார்கள். போட்டதும் ஒன்று நாறும், ஒன்று இரையும், ஒன்று ஒழுகும். புதுக்குடியிருப்பில் என் கடையில் ஒரு நல்ல கதிரை இருக்கிறது. அந்த மாதத்தில் நான் அதில் இருந்ததே இல்லை.

அப்படியொரு காலையில், கள்ளப்பாட்டில் ஒரு வீட்டில் ஏணியில் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து நிரோசன் போன் எடுத்தான்.

"அண்ணை, அம்மான்ர அறையில திரும்பவும் தண்ணி ஒழுகுது. நீங்கள் வந்து போய் ஒரு கிழமை ஆகேல்ல."

"தம்பி, தண்ணி போற ட்ரெயின் பைப்பை அடிச்சுக் கழுவினனான். லெவலும் பார்த்தனான்."

"எனக்கு அது தெரியாது அண்ணை. இருபத்திநாலில விட்டிருக்கு, இரவு முழுக்க அறை இருபத்தொன்பதுக்குக் கீழ இறங்குதில்ல. கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடுது. உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் வவுனியாவில இருந்து ஆளை எடுக்கிறன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் உடனே வருகிறேன் என்றுதான் சொன்னேன். காரணம் இருந்தது. அலம்பில் பக்கம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் ஏசி பூட்டியது நான். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். வேலை தெரியாத ஆள் என்று நிரோசன் அதில் ஒரு வரி எழுதினால் போதும், என் கதை முடிந்தது.

அந்த ஏசி வந்த கதையையும் சொல்லவேண்டும். நிரோசனின் அம்மா செல்வமலர் அலம்பிலில் கடலுக்குக் கிட்ட, மகன் கட்டிய வீட்டில் தனியே இருப்பவர். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரவு யன்னலால் கையை விட்டுச் சங்கிலி அறுத்துக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டதிலிருந்து கனடாவில் இவனுக்கு நித்திரை இல்லை. யன்னலைப் பூட்டிக்கொண்டு படுக்கச் சொன்னான். புழுங்குது என்றார் அம்மா. உடனே ஏசி வாங்கிவிட்டான். அதுவும் கைபேசியில் பார்க்கிற வகை. அம்மா எத்தனை மணிக்குப் போடுகிறார், அறை எவ்வளவு குளிர்கிறது, எல்லாம் அங்கிருந்தே பார்ப்பான்.

மூன்றாம் தரம்

போனேன். அந்த ஏசியை ஏற்கெனவே இரண்டு தரம் கழற்றிப் பூட்டியாயிற்று. செல்வமலரம்மா வாசலிலேயே நின்றார்.

"பாவம், வெயிலுக்க அலையிறியள். விடுங்கோ தம்பி. ஒழுகினா ஒழுகட்டும், நான் வாளி வைக்கிறன்."

"நீங்கள் விடுவியள் அம்மா. உங்கட மகன் என்னை விடார்."

கவரைக் கழற்றினேன். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், குழாயால் ஒழுங்காக ஓடியது. கேஸ் பிரஷர் சரி. திரும்பப் பூட்டிப் போட்டுவிட்டு, கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறை கெதியாகக் குளிர்ந்தது. ஒரு துளி விழவில்லை. நான் நிற்கும்போது நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, நான் படலையைத் தாண்டியதும் ஒழுகுகிற ஏசியை என்ன செய்வது? எனக்கு அதை உடைக்கவேண்டும் போல இருந்தது. செல்வமலரம்மாவோ வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவுட்டோர் யூனிட் அந்த அறை யன்னலுக்குக் கீழே இருந்தது. எட்டிப் பார்ப்பம் என்று யன்னல் கொளுக்கியில் கை வைத்தேன். கரையோர வீடுகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மாதக்கணக்காய்ப் பூட்டிக்கிடக்கிற கொளுக்கி உப்பில் இறுகிவிடும். குறடு இல்லாமல் அசையாது. அந்த நினைப்பில் பலமாக இழுத்தேன். யன்னல் பட்டென்று திறந்து, நான் விழப் பார்த்தேன்.

கொளுக்கியில் தேங்காயெண்ணெய் பூசியிருந்தது. விறாந்தைக்குப் போய் மற்ற யன்னல்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் துருவில் இறுகிக் கிடந்தன.

"அம்மா, இரவில இந்த யன்னலைத் திறக்கிறனீங்களோ?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி."

ஏசி ஒழுகுவதற்கான முழு விளக்கமும் எனக்குக் கிடைத்துவிட்டது. கடற்கரை ஈரக்காற்று இரவு முழுக்க உள்ளே வருகிறது. ஏசியின் வாயிலுள்ள குளிர்ந்த தகட்டு இதழில் பட்டு வியர்த்து ஒழுகுகிறது. அறையும் குளிராது, கொம்பிரசரும் நிற்காது. ஏசியில் ஒரு பிழையும் இல்லை.

"திறக்கிறதெண்டா ஏசியை நிப்பாட்டிப்போட்டுத் திறக்கலாம்தானே?"

"நிப்பாட்டினா அவன்ர போனில காட்டும். உடன எடுப்பான். யன்னலைத் திறந்திட்டீங்களோ எண்டு கத்துவான். அதுதான், அது தன்ர பாட்டுக்கு ஓடட்டும் எண்டு விட்டிட்டு..."

"ஏன் அம்மா திறக்கிறியள்? கள்ளர் வாறாங்கள் எண்டுதானே அந்தப் பிள்ளை பயப்பிடுது?"

"பூட்டினா கடல் கேக்குதில்ல." யன்னல் பக்கம் கையைக் காட்டினார். "சுனாமியண்டு காலமை கடலின்ர சத்தம் ஒருமாதிரி மாறினது. அதைக் கேட்டுத்தான் வெளிய வந்து பார்த்தனான். பார்த்த உடன இவனைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். இவன்ர அப்பா வள்ளத்தடியில நிண்டவர், திரும்பி வரேல்ல. பூட்டின அறைக்க இந்த மிசின் சத்தம் மட்டும் கேட்டா, எனக்கு எப்பிடித் தம்பி நித்திரை வரும்?"

சாமான்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

யார் சொல்வது

அன்று பகல் செய்த வேலை ஒன்றும் வேலையாய் இல்லை. ஒரு வீட்டில் ரிமோட்டை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிரோசன் போன் எடுத்துக்கொண்டே இருந்தான், நான் கைபேசியைத் தொடவில்லை. சென்சரை மாற்றினேன் என்று ஒரு பொய் சொல்லலாம். ஒரு கிழமைக்கு என் பெயர் தப்பும். பிறகு வவுனியா ஆள் வந்து உண்மையைச் சொல்வான். அதற்குள் யாராவது அந்த யன்னலால் கை விட்டால்? ஆனால் சுனாமிக் கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நான் யார்?

பின்னேரம் திரும்ப அலம்பிலுக்கு ஓடினேன்.

"அம்மா, நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

"அம்மா இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறா எண்டு அழுவான் தம்பி."

"அழட்டும்."

கைபேசி திரும்ப அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன். மகனின் குரலைக் கேட்டதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அண்ணை..." நிரோசன் என்னைத்தான் கூப்பிட்டான். "அந்த யன்னலுக்குக் கம்பி அடிக்கலாமோ?"

"அடிக்கலாம். இரும்பு வேண்டாம் தம்பி, உப்பு தின்னும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில அடிப்பம். கை போகாத இடைவெளியில."

முள்ளியவளையிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டி வந்தேன். கம்பி ஏறிய அன்றிலிருந்து ஏசி நின்றது, யன்னல் திறந்தது. ஒழுகவுமில்லை.

வைகாசி

அடுத்த வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு நிரோசன் வந்திருந்தான். வந்த மறுநாளே அழைப்பு.

"அண்ணை, அறையில தண்ணி ஒழுகுது."

திட்டிக்கொண்டே போனேன். அம்மா விறாந்தையில் படுக்கிறாராம், அறையை மகனுக்குக் கொடுத்துவிட்டார். குளிர்நாட்டிலிருந்து வந்த ஆள், ஏசியைப் பதினெட்டில் விட்டிருந்தான். அறைக்குள் புழுக்கம். இதழிலிருந்து சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது. யன்னல் அகலத் திறந்து கிடந்தது.

நான் யன்னலைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பூட்டிப்போட்டுத்தான் படுத்தனான் அண்ணை. நித்திரை வரேல்ல."

புதிதாய் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒழுகுது என்றதும் ஸ்குரூ டிரைவரைத் தூக்குவார்கள். நானும் தூக்கினவன்தான். இப்போது முதலில் யன்னல் கொளுக்கியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த அறையில் யார் படுக்கிறார்கள், எப்படிப் படுக்கிறார்கள் என்று கேட்கிறேன். அன்று ஏணியை விரிக்கவே இல்லை. குசினியிலிருந்து வாளியை எடுத்து வந்து, சொட்டு விழுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.