எட்டு மணிக்குப் பார்த்த நோயாளிகள்

பெரிய மருமகளுக்குச் சின்ன மருமகளைக் கண்டால் வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், சின்னவளைத் தவிர. ஒருவேளை அவளுக்கும் தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ள மாட்டாள். அந்தக் காட்டிக்கொள்ளாத குணம் இருக்கிறதே, அதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சல்.

பெரியவள் நர்ஸ் உத்தியோகத்தோடு அந்த வீட்டுக்குள் வந்தவள். வீட்டில் தலைவலி என்றாலும் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் “பெரியவளைக் கேளுங்க” என்பதுதான் மாமியாரின் முதல் வார்த்தை. அப்படி ராணி மாதிரி இருந்த இடத்தில், கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவளும் நர்ஸாக இருந்தால் என்ன செய்வது? டீச்சராக இருக்கக் கூடாதா, பாங்கில் இருக்கக் கூடாதா, உலகத்தில் வேறு வேலையே இல்லையா? அதோடு விட்டாளா? பழைய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸாக உயர்வதற்குள் பெரியவளுக்கு முதுகு ஒடிந்து போனது. சின்னவளோ வந்த வேகத்தில் புது ஆஸ்பத்திரியில் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் வீட்டோடு போயிருக்கும். சுகாதாரத் துறைதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அவசர சிகிச்சைக்கு வருகிறவர் பெயர் பதிந்ததிலிருந்து டாக்டர் பார்க்கும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்ற விவரத்தை, பெயர் மட்டும் இல்லாமல் ஒவ்வொருவர் நேரத்தோடும், ஆஸ்பத்திரி வாரியாக, மாதாமாதம் இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் என்றால் மாமியாரும்தானே.

“புதுசு முதல்ல இருக்கு,” என்று மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைப் பார்த்துப் படிப்பார். “பழசு எங்கடி காணோம்?”

“கீழ தள்ளுங்க அத்தை.”

“தள்ளிக்கிட்டுதான் இருக்கேன், வர மாட்டேங்குதே.”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். சிரித்தாலாவது சண்டை போடலாம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் தகவல் வந்தது. பழைய ஆஸ்பத்திரி தொடர்ந்து கடைசியிலேயே வருவதால் அதன் அவசர சிகிச்சைப் பிரிவை மூடி, ஆட்களைப் புது ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். முடிவு அடுத்த ஆய்வுக் கூட்டத்தில். சேர்த்தால் பொறுப்பு யாருக்கு? கேட்கவே வேண்டாம். ஒரே வாசலில் ஒன்றாகச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பி, அங்கே போனதும் ஓரகத்தியின் மேஜைக்கு முன்னால் “லீவு வேணும் மேடம்” என்று நிற்க வேண்டும். அதற்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்கலாம் என்று பெரியவள் முடிவே செய்துவிட்டாள். ஆனால் சும்மா கிடப்பவளா அவள்? கணவரின் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு, அவரையே அரசாங்கம் போட்ட விவரம் முழுவதையும் இறக்கச் சொன்னாள்.

“அவ ஏதோ தில்லுமுல்லு பண்றா. அது இதுக்குள்ளதான் இருக்கு.”

“நல்லா வேலை பார்க்கறாளோ என்னவோ,” என்றார் கணவர்.

அவள் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

விடுமுறை நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதற்குப் பலன் கிடைத்தது. வலது ஓரத்தில், யாரும் எட்டிப் பார்க்காத, அவளே மறந்துபோயிருந்த ஒரு பத்தி இருந்தது: டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனவர்கள். புது ஆஸ்பத்திரியில் ஒரே மாதத்தில் அறுபது பேருக்கு மேல். பழைய ஆஸ்பத்திரியில் பூஜ்யம். பெரியவளுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முதன்முதலில் விவரம் வெளியானபோது இதே பத்தியில் அவளுடைய எண்ணிக்கைதான் சின்னவளுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பதிவு மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டு, “எழுந்து போறவங்களைப் போயிட்டாங்கன்னு போடாதீங்க. வெளிய டீ குடிக்கப் போயிருப்பாங்க, வருவாங்க. வரலைன்னா காலைல ஷிப்ட் மாறும்போது பார்த்தாச்சுன்னு போட்டு முடிச்சுடுங்க” என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் பூஜ்யம்தான். பழகப் பழக, நம் இடத்திலிருந்து யாருமே போவதில்லை என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

கூட்டத்தில் எல்லா ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். சுகாதாரத் துறை அதிகாரி புது ஆஸ்பத்திரியைப் பாராட்டி முடிப்பதற்குள் பெரியவள் எழுந்துவிட்டாள்.

“சார், முதல்ல வர்றது சந்தோஷம்தான். ஆனா அங்க மாசத்துக்கு அறுபது பேர் டாக்டரையே பார்க்காம போயிருக்காங்க. காத்துக் கிடக்க முடியாம போனவங்களைக் கழிச்சுட்டா யாரு வேணும்னாலும் முதல்ல வரலாம். எங்ககிட்ட ஒருத்தர்கூடப் போகல.”

எல்லார் தலையும் சின்னவள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள்.

“சிஸ்டர் சொல்றது சரிதான் சார். போனவங்களைப் போனாங்கன்னே போட்டுடறோம். மறுநாள் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி எப்படி இருக்காங்கன்னு கேக்கறோம். பாதிப் பேர் திரும்ப வந்திருக்காங்க. இன்னும் குறைக்கணும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பழைய ஆஸ்பத்திரியின் பூஜ்யத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

டீ இடைவேளையில் பெரியவள் வராந்தா ஜன்னலோரம் போய் நின்றாள். சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுக்கத்தான் போறேன். சொல்லு.”

“தினமும் காலைல எட்டு மணிக்கு உங்க டாக்டர் ஒரே நிமிஷத்துல ஏழெட்டு பேரைப் பார்த்ததா இருக்கு. எல்லாரும் ராத்திரி பூரா காத்திருந்ததா இருக்கு. எந்த டாக்டராலக்கா அப்படிப் பார்க்க முடியும்?”

பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போயிட்டவங்க பேர்ல பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம்னு ஏறுது. அது மொத்தக் கணக்கையும் இழுக்குது. நீங்க கடைசில வர்றது அதனாலதான். மத்தபடி உங்க ஆளுங்க வேகமாத்தான் பார்க்கறாங்க.”

அடிப்பாவி என்று பெரியவளுக்குத் தன்னையே திட்டத் தோன்றியது. ஓரகத்தியை ஜெயிக்கிறேன் என்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“எத்தனை நாளா தெரியும் உனக்கு?”

“ரொம்ப நாளா. வீட்ல எப்படிக்கா சொல்றது? அத்தை முன்னாடியா?”

“இப்ப உள்ள சொல்லியிருக்கலாமே. என் மானம் போயிருக்கும், உனக்குப் பதவி வந்திருக்கும்.”

“நீங்களே சொல்லிடுங்கக்கா. சொன்னா உங்க பிரிவு தப்பிச்சுடும்.”

உள்ளே போய்ச் சொல்வதா, மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு பிரிவைப் பறிகொடுப்பதா? இவள் கொடுத்த யோசனையால் பிழைப்பதைவிட மூடிவிட்டே போகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் தன்னோடு வேலை பார்க்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நாலு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி ஒருத்தி. இவளுடைய பொறாமைக்கு அவர்கள் ஏன் அலைய வேண்டும்? டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அதிகாரி கடுமையாகத்தான் பேசினார். பொய்யான பதிவுகளை நீக்கிப் பார்த்தபோது பழைய ஆஸ்பத்திரி, புது ஆஸ்பத்திரிக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. மூடும் பேச்சு நின்றது. ஆனால் அவர் விடவில்லை. “எட்டு மணிக்குப் பார்த்ததா போட்டீங்களே, அவங்கல்லாம் என்ன ஆனாங்க சிஸ்டர்?”

அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரைப் பற்றியும் தெரியவில்லை. அந்த மாதம் போனவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார்.

மறுநாள் தன் அறையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று புரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சின்னவளைக் கூப்பிட்டாள். “எடுத்தவுடனே என்னடி சொல்லணும்?”

“காக்க வச்சுட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு ஆரம்பிங்கக்கா.”

முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பெரியவள் மன்னிப்பு கேட்டாள், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். எதிரே கணினியில் அந்த மனிதரின் பெயருக்கு நேராக ‘காலை எட்டு மணி, பார்த்தாச்சு’ என்று இருந்தது.

“நல்லா இருக்கார் சிஸ்டர். உங்ககிட்ட நெஞ்சு வலின்னு சொல்லிட்டு உக்காந்தே இருந்தோம், யாரும் கூப்பிடல. முடியலன்னு ஆட்டோ பிடிச்சுப் புது ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். ஹார்ட் அட்டாக்காம். அங்க பொறுப்புல இருக்கற சிஸ்டர் வாசல்லயே பார்த்துட்டு, அவங்களே வீல்சேரைத் தள்ளிக்கிட்டு ஓடினாங்க. அவங்க இல்லன்னா இன்னிக்கு இவர் இல்ல. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?”

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. கண்ணும் சேர்ந்து எரிந்தது.

“தெரியும்மா,” என்றாள். “எங்க வீட்டுப் பொண்ணுதான்.”