கழுத்தில் தொங்கிய அட்டை

கரங்கானிலிருந்து கூலிமில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. முந்தின நாள் கால்பந்து ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. "நாட்டுக்காக ஆடுறவன் ரெஃப்ரிகிட்ட வாயாடலாமா?" என்று கழுத்தில் தொங்கும் வேலை அட்டையைச் சிவப்பு அட்டை மாதிரி உயர்த்தி அந்த ஆட்டக்காரனை வெளியே அனுப்புவார்.

ஒருநாள், செய்யாத தப்புக்கு சூப்பர்வைசர் அவரை எல்லார் முன்னாலும் திட்டினான். அவர் குனிந்து கைவேலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். "ஏண்ணே, திருப்பிப் பேசியிருக்கலாமே?"

"பேசுனா சிவப்பு அட்டைதான் லா, தம்பி. ஆட்டக்காரன் ஒரு மேட்ச் வெளிய உட்கார்ந்துட்டு வந்துருவான். என்னைய யாரு திரும்பக் கூப்பிடுவா?"

பஸ் நின்றது. எத்தனையோ பேரை வெளியே அனுப்பிய அதே அட்டையைத் தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் காட்டிவிட்டு உள்ளே போனார்.