தங்கமணி அக்காவின் ஒற்றைத் தட்டு

தங்கமணி அக்கா, நீ செத்து நாற்பது நாள் கழித்து நடந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன், என் மேல் கோபம் இருந்தால் இதற்கும் சேர்த்தே கோபப்படு. படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். நம்பாவிட்டால் போங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி, பேச்சு வராத, கை கால் சரியாக இயங்காத பிள்ளைகள் படிப்பது. அங்கே நான்கு வருடம் வேன் ஓட்டினேன். அக்கா அதே வேனில் ஆயா. பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, எச்சில் துடைப்பது, வாந்தி எடுத்தால் கழுவுவது எல்லாம் அக்காதான். எங்களுக்குள் ஒரு பழக்கம், அக்கா உள்ளங்கையால் வண்டித் தகரத்தைத் தட்டும். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நில். பள்ளியில் எல்லாரையும் இறக்கிய பிறகு கடைசி சீட் வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டும், அப்புறம்தான் பூட்டுவேன். நானாகத் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

"ஏங்கண்ணு, அந்தக் கண்ணாடிய உம்பட மூஞ்சி பாக்கறதுக்கா மாட்டி வெச்சிருக்கறான்? ஒரு நாளைக்காச்சும் பின்னால பாரு" என்று அக்கா கிண்டல் செய்யும்.

"அதுக்குத்தான் நீ இருக்கறயேக்கா" என்பேன்.

அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய். ரொம்ப நாள் மறைத்துக்கொண்டே வேலைக்கு வந்தது, கடைசியில் சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது. அங்கிருந்து ஒரு நாள் போன் செய்து, "என்னையப் பாக்க வராட்டியும் போச்சாது சாமி, புள்ளைங்கள எண்ணிப்போட்டு வண்டியப் பூட்டு" என்றது. சரி என்றேன். பார்க்கப் போகவே இல்லை. முடியெல்லாம் கொட்டி எலும்பாகக் கிடக்கிற அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, வேறு காரணம் சொன்னால் பொய்.

அக்கா போன பிறகு வேறு ஆயா போடவில்லை. தாளாளரிடம் கேட்டால், "டீச்சருங்க எறக்கிக்குவாங்க, நீ ஸ்டீரிங்கப் பாரு" என்றார். அந்த ஆள் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு. காலியான ஆயா சீட்டைப் பார்க்கப் பார்க்க அந்த வேனே பிடிக்காமல் போயிற்று. வடக்கே போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு டிரைவராகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசி நாள், பங்குனி வெயில், காலை பத்து மணி இருக்கும். வேன் நின்றதும் டீச்சர்கள் வந்து பிள்ளைகளை இறக்கினார்கள், ஒரு டீச்சர் எனக்குத் துண்டு போர்த்தினார், அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து தாளாளர் உடனே வரச் சொல்கிறார் என்றான். எரிச்சலோடு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனேன்.

"நாலு வருசம் இங்க சோறு தின்னவன், வருசம் முடியறதுக்குள்ள உட்டுப்போட்டு ஓடறே. உனக்கெல்லாம் நன்றின்னு ஒண்ணு இருக்குதா?" என்று தாளாளர் ஆரம்பித்தார், விடவே இல்லை. அப்போதுதான் கேட்டது. டம். ஒரே ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வெயிலில் தகரம் சத்தம் போடும், அதுதான் என்று நினைத்தேன். ஆனால் அது வேகமாகிக்கொண்டே வந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நில், நில், நில் என்று.

"சார், வண்டிய யாரோ தட்டறாங்க."

"எனக்கு ஒண்ணுங் கேக்கல. பேச்ச மாத்தாதே."

வெளியே வந்தேன். மைதானத்தில் வேன் தனியாக நிற்கிறது, சுற்றி ஒரு ஆள் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி விழுந்தது, தகரம் அதிர்ந்து புழுதி உதிர்ந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். எப்படியோ போய்க் கதவைத் திறந்தேன், திறந்த உடனே இடது கன்னத்தில் ஒரு அறை. காற்று இல்லை, கதவு பட்டதும் இல்லை, கை. ஐந்து விரலும் தெரிந்தது. படியிலிருந்து கீழே விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு கால் தெரிகிறது.

கவின். ஏழு வயது, பேச்சு வராது, தூங்கிச் சரிந்து கீழே கிடந்திருக்கிறான். நடக்க வராத அவனை மட்டும், அக்கா போன பிறகு, தூக்கி இறக்குவது என் வேலை. பனியன் நனைந்து, உதடு வறண்டு, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். அவனுக்குக் கை இரண்டும் மடங்கியே இருக்கும், ஒரு பிஸ்கட்டைப் பிடிக்கக்கூட வராது. அப்படியானால் தட்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நிழலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன், தேறிவிட்டான். லேட்டாக இறக்கினேன் என்று சொல்லி வகுப்பில் விட்டேன். நடந்ததைப் பள்ளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் ஆமாம்.

சாயங்காலம் அவன் வீட்டில் இறக்கும்போது அவன் அம்மா எனக்கு ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்து, "எம்பையனத் தங்கமாட்டம் பாத்துக்கிட்டீங்க தம்பி, ஊரு போயி நல்லா இருங்க" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் பையன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, தலை யாருங்க சீவி உட்டது?" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். வலது பக்கம் வகிடு எடுத்து, நன்றாகப் படிய வாரியிருந்தது.

"நான் மேல தூக்கித்தானுங்க சீவுவேன். நம்ம தங்கமணியக்காதான் இப்படி எடுத்து உடுவாங்க" என்று சிரித்தார்.

டீச்சராக இருக்கும் என்றேன். ஒவ்வொரு டீச்சராகப் போன் போட்டுக் கேட்டேன், ஒருவரும் சீவிவிடவில்லை.

அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிற்பாடு வீட்டில் சொன்னபோது, அக்கா என்னைக் காப்பாற்ற வந்தது என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். இல்லை. அந்த வெந்த வண்டிக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டது, கதவைத் திறந்த என்னை அடித்தது. இரண்டும் ஒரே கைதான், அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

எனக்காக வேண்டாம். எங்கள் தங்கமணி அக்காவுக்காக எல்லாரும் ஒரு நிமிடம் சாமி கும்பிடுங்கள், அதற்கு வலி விட்டுப் போகட்டும் என்று, என் மேல் இருக்கிற கோபம் ஆறி எங்காவது நிம்மதியாகப் படுக்கட்டும் என்று.