என் கழுத்துக் கொழுப்பும் ஏசி ரிமோட்டும்

ஒரகடம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் எனக்கு வேலை. பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே மைனஸ் இருபதில் தூங்கும். அவற்றை ஃபோர்க்லிஃப்டில் தூக்கி இடம் மாற்றிப் படுக்க வைப்பவன் நான். என் மனைவிக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் இட்லி வேகவைக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து நான் விறைத்துப்போய் வருவேன். அவள் வெந்துபோய் வருவாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஏசி. அவளுக்கு இருபது வேண்டும், எனக்கு இருபத்தேழு. நடுவிலுள்ள ஏழு டிகிரியில்தான் குடும்பம் நடக்கிறது.

"மைனஸ் இருபதுல வேலை பாக்குற ஆளு, வூட்டுல இருபதுக்கு நடுங்கறியா? இன்னாயா ஆக்டிங்கு!" என்பாள்.

"அங்க ஜாக்கெட் போட்டுக்கினு நிக்கறேன்மே. இங்க வெறும் பனியன்."

இந்த வழக்கு தீராமல் கிடந்தபோதுதான் எங்கள் கிடங்குக்கு ஒரு பெண் வந்தார். மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்பவர். குளிரில் வேலை செய்கிறவர்கள் உடம்பில் பழுப்புக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்க ஆள் தேடினார்.

"வெள்ளைக் கொழுப்பு சும்மா சேர்ந்துக்கிட்டே இருக்கும். பழுப்புக் கொழுப்பு எரிஞ்சு உடம்புக்குச் சூடு குடுக்கும். கழுத்துக்குக் கீழ கொஞ்சமா இருக்கும்" என்றார்.

நான் தொப்பையைத் தட்டிக் காட்டினேன். "இது இன்னா கலரும்மா?"

"அது வெள்ளைதாண்ணா. ஸ்கேனே வேணாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவன் நான். உடனே பெயரும் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அன்றே பந்தயம் முடிவானது. பழுப்புக் கொழுப்பு எனக்கு இல்லையென்றால் என் குளிர் உண்மையான குளிர், ரிமோட் எனக்கு. இருந்தால் நான் இத்தனை நாள் நடித்ததாக அர்த்தம், ரிமோட் அவளுக்கு. பரிசோதனையில் ஒன்றும் தேறக் கூடாது என்று சாமி கும்பிட்டுவிட்டுப் போன ஆள் அநேகமாக நான் ஒருவன்தான்.

நான் தில்லுமுல்லு செய்யாமல் பார்த்துக்கொள்ள அவளும் லீவு போட்டுக் கூடவே வந்தாள். உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். மோதிரம், வாட்ச், கடைசியாக வெள்ளி அரைஞாண் கொடி. அதை அவிழ்த்ததும் தொப்பைக்கு எல்லைக்கோடு அழிந்தது போலிருந்தது.

முதலில் சாதாரணமாக ஒரு ஸ்கேன். பிறகு குளிர்ந்த நீர் ஓடும் ஒரு சட்டையை மாட்டி உட்கார வைத்தார்கள். குளிரேற்றிவிட்டு மறுபடி படம் எடுத்து, கழுத்தடிக் கொழுப்பில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். இதுதான் சமயம் என்று நான் பல்லைக் கடகடவென்று அடித்து, தோளை உதறினேன்.

அந்தப் பெண் நடுக்கத்தை அளக்க என் மார்பில் ஒட்டியிருந்த வயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணா, இது நடுக்கம் மாதிரி தெரியல. டான்ஸ் மாதிரி தெரியுது."

"நான் சொல்லல? வூட்டுலயும் இதே டான்ஸ்தாம்மா" என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

நடிப்பு எடுபடவில்லை. மறுபடி மெஷினுக்குள் தள்ளினார்கள். தகரக் கொட்டகைமேல் நான்கு பேர் ஏறிச் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். ஆடக் கூடாது, ஆடினால் படம் கெட்டுவிடும். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. படம் கெட்டால் பந்தயமும் கெடும்! கழுத்தை லேசாக ஒரு திருப்பு, போதும். திருப்பப் போன நேரத்தில் காதில் மாட்டியிருந்த கருவியில் அந்தப் பெண்ணின் குரல்: "சூப்பர்ணா! நிறைய பேர் ஆடிக் கெடுத்துட்டாங்க. நீங்க சிலை மாதிரி இருக்கீங்க."

என்னைச் சிலை என்று யாரும் சொன்னதில்லை. அம்மி என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசிவரை இமை தவிர எதையும் அசைக்கவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் எங்கள் இருவரையும் கல்லூரிக்குக் கூப்பிட்டார். "ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, எல்லாரையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்று ஆரம்பித்தார்.

"கேட்டியா! முடிவு பண்ண முடியாதாம்!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"உக்காருயா. நீ படத்தக் காட்டும்மா."

இரண்டு படங்கள் காட்டினார். கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் ஒரு கீற்று. குளிருக்குப் பிறகு எடுத்ததில் அந்த இடத்தில் கொழுப்பு குறைந்திருந்தது. எரிந்திருக்கிறது. "இவ்வளவு தெளிவா யாருக்கும் வரலண்ணா! அழகான படம்!" என்று அவர் முகமெல்லாம் மலர்ந்தார். என் உடம்பில் ஏதோ ஒன்றை ஒருவர் அழகு என்று சொன்ன நாளிலேயே ரிமோட்டும் போனது.

மனைவி குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ யோசனையாகக் கேட்டாள்: "இந்தக் கொழுப்பு குளிர்ல எரிஞ்சு சூடு குடுக்குமா?"

"ஆமாக்கா, கொஞ்சமா."

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கணக்குதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் அவள் கதவைச் சாத்தி, ரிமோட்டை எடுத்து, நிதானமாக இருபதில் வைத்தாள். தோற்றவன் மரியாதையாக வழக்கமான இடத்தில் போய்ப் படுத்தேன்.

"இன்னா பக்கத்துல வந்து படுக்கற?" என்றாள். "ஏசியயும் போட்டுட்டு, ஹீட்டரையும் பக்கத்துல வெச்சுக்கினா கரன்ட் பில்லு இன்னாத்துக்கு ஆவும்? தள்ளிப் படு."