பொட்டு வைத்த பந்து

தன் பந்து கட்டையை லேசாக உரசினாலும், யாரும் கவனிக்காவிட்டாலும், தோர்கில் பில்லியர்ட்ஸ் கோலைத் தரையில் ஊன்றி "உரசிடுச்சு" என்று சொல்லிவிடுவார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பார்த்த பழக்கம் இது. மேசை நடுவில் ஐந்து மரக்கட்டைகள் நிற்கும். நம் பந்து எதிராளியின் பந்தில் மோதி, அது போய்க் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். நம் பந்தே சாய்த்துவிட்டால் பாயின்ட் எதிராளிக்கு.

சிமெண்டு ஆலையில் என் அப்பா ஆக்ஸலும் அவரும் ஒரே ஷிப்டு. ஓய்வு பெற்ற பிறகு, மனைவியும் இறந்துபோக, தோர்கிலுக்கு மிஞ்சியது செவ்வாய்க்கிழமை கிளப்பு மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. மற்ற நாட்களில் ரை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் தின்றுவிட்டு வானொலி கேட்டுக்கொண்டு இருப்பார்.

போன குளிர்காலம் முழுக்க அவர்தான் ஜெயித்தார். தகரக் கோப்பையும் அவருக்கே. வசந்தத்தில் கண் அறுவை முடிந்து கண்ணாடியோடு வந்தார்.

"பாதிரியார் வேலைக்கு மனுப் போட்டியாடா?" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்து.

"உன்னைப் புதைக்க ஆள் வேணாமா?" என்றபடி தோர்கில் மேசை மேல் குனிந்தார்.

வெள்ளைப் பந்துகள் இரண்டு. ஒன்றில் சின்னக் கறுப்புப் பொட்டு உண்டு, அது அப்பாவுடையது. தேய்ந்துபோன அந்தப் பொட்டைத் தோர்கில் வெகுநேரம் பார்த்தார். மாற்றி அடித்தால் தவறு, ஆட்டம் எதிராளி கைக்குப் போகும்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதே இல்லையே. குளிர்காலம் பூரா நான் எந்தப் பந்தைடா அடிச்சேன்?"

அப்பா சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டினார். "சில நேரம் என்னோடத."

"சொல்லலியே."

"சொன்னா நீ வரமாட்ட."

தோர்கில் கோலைத் துடைத்துச் சுவர்த் தாங்கியில் வைத்தார். தன் தவறைத் தானே சொல்லி வந்த மனிதரின் தவறுகளை, அப்பா மட்டுமல்ல, கிளப்பே கூடி மறைத்து வைத்திருந்தது. மறுநாள் கோப்பையைக் கிளப்பு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, சட்டம் படித்தவன். அப்பா இரக்கம் காட்டினாரா, அவமானப்படுத்தினாரா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் இடத்தில் நான் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் தோர்கில் வரவில்லை. அப்பா மழையில் சைக்கிள் மிதித்து அவர் வீட்டுக்குப் போனார். கதவு பாதிதான் திறந்தது. காபி குடிக்கக் கூப்பிடவில்லை.

"என்னை மன்னிப்பியாடா?" என்று கேட்டாராம் அப்பா.

"யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வார இறுதியில் தோர்கில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அடக்கத்தன்று அப்பா குழியருகே வெகுநேரம் நின்றார். தோர்கில் தர வேண்டிய பதில் இன்னும் பாக்கி.