அண்ணி சாய்ந்திருந்த கோணி

எங்கள் வீட்டு நடையில் வைக்கோல் அடைத்த கோணி ஒன்று சுவரோரமாக இருந்தது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் அண்ணி மாதக்கணக்கில் தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டியது. திண்டிவனம் பக்கம் ஃப்ளூ காய்ச்சல் ஒரு வீட்டையும் விடாத வருஷம் அது. காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றிவிட்டால் ஆள் தேறியாயிற்று என்பது எங்கள் ஊர்க் கணக்கு. "தண்ணி ஊத்தியாச்சு, இன்னும் இன்னா படுத்துக்கினு?" என்றாள் அண்ணியின் மாமியாரான என் பெரியம்மா. மறுநாளே களை வெட்டப் போன அண்ணி, மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாள். காலெல்லாம் வீக்கம். சளிதான் என்று நாங்கள் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தோம், புத்திசாலிகள்! அண்ணன்தான் வண்டி கட்டினார்.

திண்டிவனத்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகும்போது இதயத்துத் தசையைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். தான் சொல்லும்வரை குடம்கூடத் தூக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வேலை செய்யாத மருமகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணனுக்குக் கட்டிவைக்க அனந்தபுரத்தில் வேறு பெண் இருப்பதாகப் பெரியம்மா பேச்செடுத்தாள், அதுவும் அண்ணியின் காதில் விழும்படி. அண்ணன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி மட்டும் கோணியில் சாய்ந்தபடி என்னிடம் சொன்னாள்: "டாக்டரு சொல்ற வரிக்கும் எய்ந்திரிக்க மாட்டேன். அப்பறம் யாரு சொன்னாலும் உக்கார மாட்டேன், பாத்துக்கினே இரு."

அப்படியே இருந்தாள். ஏச்சுப் பேச்சு எதற்கும் அசையவில்லை. ஒரு விடியலில் பார்த்தால் கோணி ஓரமாகக் கிடக்கிறது. அண்ணி பாயில் மல்லாந்து குறட்டை விடுகிறாள். நான் அழுதே விட்டேன். பிறகு டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம் என்றார்.

இப்போது என் வீட்டில் யாருக்கு ஃப்ளூ வந்தாலும், காய்ச்சல் விட்ட கையோடு வெளியே விடமாட்டேன். பஞ்சுத் தலையணைகளை அடுக்கும்போதெல்லாம் அந்தக் கோணி நினைவுக்கு வரும். காய்ச்சல் வந்ததற்கு அடுத்த வருஷ அறுவடையில் அதன் வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு, கோணி நிறைய மல்லாட்டை அடைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள் அண்ணி. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் பெரியம்மா.

"கொஞ்சம் நவுருங்க அத்தே, மூட்டைய எறக்கணும்."

பெரியம்மா நகர்ந்தாள்.